பனி பொய்த்த வருஷம்

தோப்தன் வீட்டுக் கூரையில் தீப்பிடித்தது ஐப்பசி மாதத்தில், ஒரு நண்பகலில். உருளைக்கிழங்கு தோண்டி முடித்து, மூட்டைகள் லாரி ஏறிக் கணவாயைத் தாண்டிப் போயிருந்தன. ஊர் முழுக்கப் புல் கட்டுகளைக் கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் தங்மார் மலைக்கிராமத்தில் கூரை என்றால் மண் மெழுகிய மொட்டைத்தளம்தான். கோடை முழுவதும் சரிவுகளில் அறுத்துக் காயவைத்த புல்லைக் கயிறாகத் திரித்துக் கட்டி, தளத்தின் மேல் சுவர்போல அடுக்கிவிடுவோம். அப்புறம் பனி விழும். சித்திரை வரை கீழ்த்தளத்துத் தொழுவத்தில் மாடு, நடுவில் நாங்கள், தலைக்கு மேலே மாட்டின் சாப்பாடு.

புகைக்குழாய்க்குப் பக்கத்தில் புல்லை அடுக்காதே என்று அவன் அண்ணன் ஆங்ருப் முதல் நாளே சொல்லியிருந்தான். தோப்தன் கேட்கவில்லை. அண்ணன் சொன்னதாலேயே கேட்கவில்லை என்றும் சொல்லலாம். மத்தியானமானால் பாகா ஆற்றிலிருந்து மேலேறும் காற்று எங்கள் ஊரில் பிரசித்தம். குழாயிலிருந்து ஒரு பொறி பறந்திருக்கும். நான் அடுத்த வீட்டுக்காரன்; எங்கள் கூரையில் ஏணியை இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அணைக்கிற தீயா அது? மண்ணை வாரி இறைத்தோம். மண்வெட்டியால் புல்லைத் தெருவுக்குத் தள்ளினோம். உத்தரம் பிழைத்தது, சுவர் பிழைத்தது, வீட்டுக்குள் இருந்த தானியம் பிழைத்தது. புல்லில் ஒரு கைப்பிடி மிஞ்சவில்லை. தெருவில் சாம்பல் முழங்கால் அளவு கிடந்தது. தோப்தனின் புருவம் கருகியிருந்தது. அவன் மனைவி யங்சோம் சாம்பலுக்குள் மண்வெட்டியை விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

ஆங்ருப்தான் தீயணைக்க முதலில் ஓடிவந்தவன். அவன் கை கொப்பளித்திருந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

"நேத்தே சொன்னேன்ல?" என்றான், ஊர் முன்னால்.

"எரிஞ்சது என் புல்லு. உனக்கு எங்க சுடுது?"

"எங்க சுடுதா? இந்தா பாரு" என்று கையைக் காட்டினான் ஆங்ருப்.

"உன்னை எவன் கூப்பிட்டான்?"

அவ்வளவுதான். ஆங்ருப் கையை மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நின்றது இருவருக்கும் பேச்சு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தகப்பன் செத்து நிலம் பிரித்தபோது உழவு மாட்டு ஜோடியையும் பிரித்திருந்தார்கள். யாக் எருதுக்கும் பசுவுக்கும் பிறந்த மாடுகள். சோ என்போம். சிவப்பன் மர்போ அண்ணனுக்கு, கறுப்பன் நக்போ தம்பிக்கு. தொழுவம் வேறு வேறானாலும் உழவுக்கு இரண்டும் ஒரே நுகத்தில்தான் பூட்டப்படும். வேறு மாட்டோடு சேர்த்துப் பூட்டினால் இரண்டுமே நகராது. தம்பி வீட்டுப் புல் எரிந்தால் அண்ணன் வயலும் உழவில்லாமல் கிடக்கும். அது அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது யங்சோம் தரையில் உட்கார்ந்து சத்துமாவை உப்புத் தேநீரில் பிசைந்துகொண்டிருந்தாள். தோப்தன் அடுப்பைப் பார்த்தபடி இருந்தான்.

"கீழ்ப் பள்ளத்தாக்குல கொண்டுபோய் நக்போவ வித்துடலாம்னு இருக்கேன்" என்றான் என்னிடம்.

நான் பதில் சொல்வதற்குள் யங்சோம் சொன்னாள். "ஐப்பசி முடியப் போகுது. இப்ப எவன்யா மாடு வாங்குவான்? வாயில்லாத மாடா இருந்தா வாங்குவான்."

"சும்மா குடுத்தா வாங்குவான்."

"சும்மா குடுத்துட்டு, உழவுக்கு நுகத்துல நீ கழுத்த வைப்பியா? உங்க அண்ணன் மாட்டுப் பக்கத்துல?"

தோப்தன் சிரிக்கவில்லை. "பசு சினையா இருக்கு. தொழுவத்துல இருக்கிற கொஞ்ச வைக்கோல ரெண்டுக்கும் போட்டா ரெண்டும் போயிடும். ஒண்ணையாவது காப்பாத்தலாம்ல?"

"எதைன்னு நீ சொல்லு. என்னால சொல்ல முடியாது" என்றாள் யங்சோம். பிசைந்த மாவை உருட்டி எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று வைத்தாள். தனக்கு வைக்கவில்லை. "கணவாயே மூடப் போகுது. போறதுன்னா நாளைக்குப் போ. நான் தடுக்கல."

மறுநாளே கணவாய் உச்சியில் பனி விழுந்து வழி மூடியது. தோப்தன் போக வேண்டியிருக்கவில்லை.

ஊர் கைவிடவில்லை. ஆளுக்கு ஒரு கட்டுப் புல் கொடுத்தோம். அதற்கு மேல் கொடுக்க யாருக்கும் வழியில்லை. எல்லோருடைய கூரையும் அளந்து அடுக்கியதுதான். தோப்தன் வீட்டில் ஆடுகளை அந்த வருஷம் வழக்கத்தைவிடக் கூடுதலாக அறுத்து இறைச்சியைக் கொடியில் காயப்போட்டார்கள். பார்லிப் பதர், உருளைத் தோல், சாங் என்னும் பார்லிக் கள் வடித்த பிறகு மிஞ்சும் சக்கை, வில்லோ மரத்துப் பட்டை, எதையும் யங்சோம் விடவில்லை. எங்கள் வீட்டில் சாங் வடித்தால் வாசம் பிடித்துக் கூடையோடு வந்துவிடுவாள்.

"குடிக்க வர்றியா, சக்கைக்கு வர்றியா?" என்பேன்.

"நீங்க குடிங்கண்ணா. நல்லாக் குடிங்க. அப்பத்தான அடுத்த பானை வைப்பீங்க."

பனி வர வேண்டிய கார்த்திகையில் பனி வரவில்லை.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. வெயில் காய்ந்தது. ஆறு ஓரத்தில் மட்டும் உறைந்து நடுவில் சத்தமாக ஓடியது. மற்ற வருஷங்களில் இந்நேரம் கதவைத் திறக்கப் பனியை வெட்டித் தள்ள வேண்டியிருக்கும். கூரையில் பனி தள்ளும் மரப்பலகைகள் மூலையில் சாத்தியபடியே இருந்தன. யங்சோம் காலையில் நக்போவையும் பசுவையும் வீட்டுப் பின்புறத்துக் கட்டாந்தரைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். காய்ந்த முள்செடி, சருகு, போன வருஷத்துத் தண்டு, அவை எதையாவது மென்றுகொண்டு நிற்கும். வயிறு நிறையாது என்றாலும் வாய் அசையும். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து காலுறை பின்னுவாள்.

ஊர் இந்தப் பக்கம் பயந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பனிதான் மழை. மலையில் பனி தங்கினால்தான் கோடையில் வாய்க்காலில் தண்ணீர். மழையை நம்பி எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு செடி முளைக்காது.

குளிர்காலத்தில் நாங்கள் கூடுவது ஆங்ருப் வீட்டில்தான். அவன் மனைவி சுக்தாசி பெரிய அடுப்புக்காரி, பெரிய வாய்க்காரி. ஆண்கள் ஆட்டு மயிர் திரிப்போம், பெண்கள் பின்னுவார்கள். தோப்தன் வருவதில்லை. யங்சோம் வருவாள். அவளுக்கும் சுக்தாசிக்கும் பேச்சு நிற்கவில்லை. நின்றால் சுக்தாசிக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"மார்கழியில வேர்க்குது பாரேன்" என்றார் நம்பர்தார் ஹீரு ராம். ஊர்ப் பொறுப்பு அவருடையது. வாய்க்கால் தண்ணீரைப் பங்கு வைப்பவரும் அவர்தான். "எனக்கு இத்தனை வயசுல இப்படி ஒரு குளிர்காலம் பாத்ததில்ல. மலை மொட்டையா நிக்குது, அவமானமா இருக்கு பாக்க."

"மலைக்கு என்ன அவமானம்? நமக்குத்தான் ஆடியில நாக்கு வறளும்" என்றாள் சுக்தாசி. "கோம்பாவுல பூசை போடச் சொல்லுங்க. லாமா சும்மாதான உக்காந்திருக்காரு."

யங்சோம் குனிந்து பின்னல் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து, ஊருக்கு மேலே இருக்கும் லாமா மடமான கோம்பாவில் பூசை நடந்தது. ஊரே போயிற்று. லாமா மத்தளம் தட்டி ஓத, ஜூனிப்பர் இலை புகைந்தது. ஒவ்வொருவரும் கை நிறையப் பார்லியை வாங்கி வானத்தைப் பார்த்து வீசி, பனி வரட்டும், பனி வரட்டும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னோம். யங்சோமும் வீசினாள். அவளுக்கு அந்தப் பக்கம் சுக்தாசி நின்றாள்.

இறங்கி வரும்போது பாதையில் சுக்தாசி அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"உன் உதடு அசையலையே."

"அசைஞ்சுதுக்கா."

"என் கண்ணு அவிஞ்சா போச்சு? ஊரே தொண்டை கிழியக் கத்துது, நீ பொம்மை மாதிரி நிக்கிற. என்ன கேட்ட?"

யங்சோம் நின்றுவிட்டாள். "நான் வேற கேட்டேன்."

"என்ன வேற?"

"பனி வேண்டாம்னு கேட்டேன்."

சுக்தாசி வாயைத் திறந்தாள். அவளுக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். யங்சோம் அழ ஆரம்பித்துவிட்டாள். "நாலு முழம் பனி விழுந்தா ரெண்டு மாட்டையும் வெளிய விட முடியாதுக்கா. உள்ள போட என்ன இருக்கு? என் தலைமயிரத்தான் போடணும். விழலைன்னா ஊருக்குத் தண்ணி இல்ல. எனக்குத் தெரியாதா? என் வயலும் அந்த வாய்க்கால்லதான இருக்கு? ஆனாலும் வாயில அதான் வந்துச்சு."

"சத்தமா சொல்லித் தொலைக்காத" என்றாள் சுக்தாசி. முக்காட்டின் நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். "சாமிக்குக் காது ரெண்டு இருக்கு. எதையாவது ஒண்ணைக் கேக்கட்டும்."

தை முடிவில் பனி விழுந்தது. ஒரு பகலும் ஓர் இரவும். முழங்காலளவுதான். ஊர் குதித்தது. ஹீரு ராம் ஒரு பானை சாங்கைத் திறந்தார். மரப்பலகைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் கூரையேறினோம். பக்கத்துக் கூரையில் தோப்தனும் பனி தள்ளிக்கொண்டிருந்தான். எரிந்த இடம் இன்னும் கறுப்பாக இருந்தது.

"நல்ல பனி" என்றேன். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நல்ல பனிதான்" என்றான் அவன். பலகையை ஊன்றிக்கொண்டு நின்றான். "உள்ள இன்னிக்குப் போட இருக்கு. நாளைக்கும் இருக்கும்னு அவ சொல்றா. அவ சாப்பாட்டுல பாதிய அதுங்களுக்குப் போடறா. நான் பாக்காத மாதிரி இருக்கேன்."

பனி விழுந்த நாலைந்து நாளில், காலையில் யங்சோம் எங்கள் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள். பின்னாலேயே போனேன்.

தொழுவத்தில் நக்போ படுத்திருந்தது. கால்களை மடக்கிப் படுக்கவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கழுத்து நீண்டு தரையில் கிடந்தது. கறுப்பு மயிருக்குள் விலா எலும்புகள் கூடை முடைந்த மாதிரித் தெரிந்தன. கண் திறந்திருந்தது. தோப்தன் அதன் வாலைப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பசு மூலையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"படுத்த மாடு படுத்தே கிடந்தா நெஞ்சு அடைச்சிடும். உத்தரத்துல கயிறு போட்டு நிறுத்தணும்" என்றேன். "ஆள் வேணும். நாம ரெண்டு பேரு பத்தாது."

"ஆள் வந்தாச்சு" என்று வாசலில் சத்தம் கேட்டது. சுக்தாசி. கையில் பெரிய சட்டி, ஆவி பறந்தது. பார்லிக் கஞ்சியில் வெல்லமும் கொஞ்சம் வெண்ணெயும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆங்ருப், தோளில் ஒரு கட்டு புல், அதன் மேல் கயிற்றுச் சுருள். அவன் உள்ளே வந்து, புல்லை இறக்கி, தம்பியைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்தான்.

"உன் கொழுந்தன்கிட்ட சொல்லு" என்றான் மனைவியிடம். "அந்த உத்தரம் உளுத்துப் போனது. அதுல போட வேண்டாம். நடு உத்தரத்துல போடச் சொல்லு."

தோப்தன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தான்.

"நடு உத்தரமாம்" என்றாள் சுக்தாசி.

"கேட்டுச்சு அண்ணி. அவர்கிட்ட சொல்லு, நடு உத்தரத்துக்குக் கயிறு எட்டாது."

"கயிறு எட்டாதாம்."

"எட்டற மாதிரிதான் கொண்டுவந்திருக்கேன்னு சொல்லு."

"அட, உங்க ரெண்டு பேரையும் நுகத்துல பூட்ட!" என்றாள் சுக்தாசி. "மாடு செத்துக்கிட்டு இருக்கு, இங்க நான் தபால் குடுத்துக்கிட்டு இருக்கேன்!"

இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்து மாட்டின் வயிற்றுக்கடியில் நுழைத்தோம். நுழைப்பதே பெரும்பாடு. யங்சோம் தரையோடு படுத்து, மாட்டின் கீழே கையை விட்டு அந்தப் பக்கம் இழுத்தாள். நால்வரும் கயிற்றைப் பிடித்தோம். ஆங்ருப் ஒன்று, தோப்தன் ஒன்று, நான் ஒன்று, வழியோடு போன ஹீரு ராமைக் கூப்பிட்டு அவரிடம் ஒன்று. இழுத்தோம். நக்போ பாதி எழுந்து, முன்னங்கால் வழுக்கி, மறுபடி சாய்ந்தது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை உத்தரம் முனகியது, சாக்கு கிழிகிற சத்தம் கேட்டது, மாடு நின்றது. நின்றது என்றால் கயிற்றில் தொங்கியது. குளம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

சுக்தாசி மூங்கில் குழாயில் கஞ்சியை மொண்டு அதன் வாயில் விட்டாள். பாதி வெளியே வழிந்தது. "குடிடா கறுப்பா. குடி. எங்க வீட்டுச் சிவப்பன் உன்னைத்தான் கேக்கறான். தனியா உழுறதுக்கு அவனுக்கு என்ன கிறுக்கா?"

வெல்லத்தின் ருசி தெரிந்திருக்கும். தொண்டை அசைந்தது.

ஆங்ருப் கயிற்றை முடிச்சிட்டுவிட்டு வெளியே நடந்தான். வாசலில் நின்று, திரும்பாமல் மனைவியிடம் சொன்னான். "புல்லு உன் கொழுந்தனுக்கு இல்லன்னு சொல்லிடு. என் மாட்டுக்குத் துணை வேணும்."

தோப்தன் புல் கட்டை அவிழ்த்து, பாதியைப் பசுவுக்குப் போட்டான்.

அந்தக் கட்டும் எத்தனை நாளைக்கு வரும்? கயிற்றில் தொங்கியபடியே நக்போ மாசி மாதத்தைக் கண்டது. தினமும் கொஞ்ச நேரம் கால் ஊன்றி நிற்கும், பிறகு கயிற்றில் பாரத்தைப் போட்டுவிடும். யங்சோம் தொழுவத்திலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டாள். அதன் கால்களை வைக்கோல் பிரியால் தேய்த்துவிடுவாள். மாசி என்பது எங்களுக்கு நடுக் குளிர்காலம். பனி உருக இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். இதுவரை தாங்கிய மாடு அதுவரை தாங்காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

ஆனால் மாசி நடுவிலேயே காற்று மாறிவிட்டது.

முதலில் கூரை ஒழுகியது. வெயில் ஏறியதும் விளிம்பு நெடுகச் சொட்டுச் சொட்டென்று சத்தம். ஆற்றோரத்து உறைபனி பாளம் பாளமாக விண்டு மிதந்து போயிற்று. ஒருநாள் காலை கௌதாரி கத்தியது. ஹீரு ராம் கூரையிலிருந்து, "அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். வில்லோக் குச்சிகள் சிவந்து மொட்டு கட்டின. பனி சீக்கிரம் உருகுவதற்காக அதன் மேல் தூவ, இலையுதிர்காலத்திலேயே கூடை கூடையாக மண் எடுத்து வீட்டுக்குள் வைத்திருப்போம். அதைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. வயலில் பனி தானாகவே கரைந்து கறுப்பு மண் தெரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெற்குப் பார்த்த வெயில் சரிவில், கல்லிடுக்குகளில், பச்சை தெரிந்தது.

யங்சோம் அதை எங்கள் கூரையில் நின்று பார்த்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, அது புல்லுதான? பாசி இல்லையே?"

"புல்லுதான்."

"எனக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு நினைச்சேன்."

வெயில் சரிவு ஊர்ப் பொது. சித்திரையில் ஊர் கூடி நாள் குறிக்கும்வரை அதில் யாரும் மாடு விடக்கூடாது. இளம்புல்லை மிதித்துவிட்டால் கோடைக்குப் புல் இருக்காது. அதுவும் தவிர, மேலே பனி சரியும் ஓடை ஒன்று உண்டு. யங்சோம் நேரே ஹீரு ராமிடம் போனாள். அவர் ஊரைக் கூட்டினார். அவருடைய கூரையிலேயே, வெயிலில், கம்பளியை விரித்து உட்கார்ந்தோம். தோப்தன் ஒரு ஓரம், ஆங்ருப் எதிர் ஓரம்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்றார் ஒருவர். "எங்க வீட்டுலயும் புல்லு அடி தட்டுது."

"அடி தட்டறதுக்கும் அடியே இல்லாததுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?" என்றான் தோப்தன். அன்று அவன் குரல் இறங்கியிருந்தது. "நான் அடுக்கின இடம் தப்பு. நான்தான் கேக்கல. அதுக்கு மாடு என்ன பண்ணும்?"

ஆங்ருப் கம்பளியிலிருந்து ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

ஹீரு ராம் மலையைக் காட்டினார். "சரிவுல புல்லு வந்துருச்சுன்னு சந்தோசப்படறீங்க. மேல பாருங்க. பனி எங்க இருக்கு? மாசியில இப்படின்னா ஆடியில எதைக் குடிப்போம்? ஊரே நின்னு பூசை போட்டோம். ஒரு முழம் விழுந்துச்சு, அதோட சரி. யாரோ மனசு வெச்சு வேண்டலன்னுதான் எனக்குத் தோணுது."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் யங்சோம் எழுந்து நின்றுவிட்டாள். சுக்தாசி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை.

"நான்தான் வேண்டல" என்றாள். "வேண்டலங்கறது மட்டுமில்ல, விழக்கூடாதுன்னு கேட்டேன். ரெண்டு மாட்டுக்காகக் கேட்டேன். தண்ணி கொறைஞ்சா என் பங்கு முறையக் கடைசியா வைங்க. நான் சண்டை போட மாட்டேன். மாட்ட மட்டும் இப்ப விடுங்க."

ஹீரு ராம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே ஆறு கேட்டது.

சுக்தாசிதான் வாயைத் திறந்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? ஊரே சேர்ந்து கத்தினது சாமிக்குக் கேக்கல, இவ முணுமுணுத்தது கேட்டுருக்கு! நம்பர்தாரே, அடுத்த வருஷம் பூசைக்கு லாமா வேண்டாம், இவளை முன்னால நிறுத்துங்க!"

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் ஹீரு ராமுக்குத் தோள் குலுங்கியது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. யங்சோம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரும்மா" என்றார் ஹீரு ராம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பனி உன் பேச்சையும் கேக்காது, என் பேச்சையும் கேக்காது. எழுந்து நிக்க முடியாத மாடுங்கள மட்டும் விடலாம். நிக்கிற மாடுங்க வீட்டுல நிக்கட்டும். சரிவோட கீழ்ப்பாதி மட்டும். ஓடைப் பக்கம் போகக்கூடாது. என்ன?"

மறுநாள் காலை நக்போவை அவிழ்த்தோம். வயிற்றுச் சாக்கை அப்படியே விட்டு, அதற்குள் இரண்டு கம்புகளைச் செருகி, பக்கத்துக்கு இரண்டு பேராகத் தாங்கிக்கொண்டு நடத்தினோம். மரப்பாலத்தில் அது நின்றுவிட்டது. கீழே தண்ணீர் ஓடுவதைக் குனிந்து பார்த்தது. தள்ளியும் நகரவில்லை. யங்சோம் முன்னால் போய்ச் சரிவிலிருந்து ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து மூக்கருகே நீட்டினாள். எவ்வளவு சின்னப் புல்! விரலளவுகூட இல்லை, வேரோடு மண் ஒட்டியிருந்தது. நக்போ மூச்சை இழுத்தது. நாக்கை நீட்டி அவள் கையையே வழித்துத் தின்றது. பிறகு தானாக நடந்தது. கம்பு பிடித்த நாங்கள் அதன் வேகத்துக்குத் தடுமாறினோம்.

சரிவில் விட்டதும் முழங்கால் மடித்துப் படுத்துக்கொண்டது. படுத்தபடியே சுற்றிலும் எட்டிய வரைக்கும் மேய்ந்தது. எட்டாததும் எழப் பார்த்தது. தோப்தன் எழுப்பப் போனான். யங்சோம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பின்புறம் எழுந்தது, முன்புறம் எழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று யோசித்தது. பிறகு உதறிக்கொண்டு எழுந்து, இரண்டு அடி தள்ளிப் போய் மறுபடி மேய்ந்தது.

தோப்தன் ஒரு வெயில் ஏறிய பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலேயே வாயைத் திறந்து குறட்டை விட்டான்.

"குளிர்காலம் பூரா இந்த மனுசன் தூங்கல அண்ணா" என்றாள் யங்சோம். "தூங்கற மாதிரி நடிப்பான். மூச்ச வெச்சே எனக்குத் தெரியும்."

அவள் மடியிலிருந்து காய்ந்த இறைச்சித் துண்டையும் சத்துமாவையும் எடுத்தாள். அன்று அவள் முழுப் பங்கையும் தின்றதை நான் பார்த்தேன்.

பங்குனியில் பசு ஈன்றது. நல்ல கிடாரி. சீம்பாலைக் கிண்டி வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணம் வந்தது. மேலே வாய்க்கால் தலைப்புக்குப் போய் வந்தவர்கள், பனியாறு பின்வாங்கியிருந்தாலும் தண்ணீர் நின்றுவிடாது, சிக்கனமாக விட வேண்டும் என்றார்கள். ஹீரு ராம் உருளைக்கிழங்கைக் குறைத்துப் பார்லியைக் கூட்டச் சொன்னார். வழக்கமாகச் சித்திரை பாதியில் தொடங்கும் உழவைப் பங்குனியிலேயே தொடங்கிவிடலாம் என்று நாள் பார்த்தார்கள். மண் அவ்வளவு இளகிக் கிடந்தது.

உழவன்று காலை ஆங்ருப் தன் வயலில் மர்போவை நுகத்தின் ஒரு பக்கத்தில் பூட்டிவிட்டு நின்றான். மறுபக்கம் காலியாக இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோப்தன் கையில் கயிறும் உப்புக்கட்டியுமாக நக்போவைப் பிடிக்கப் போயிருந்தான். ஊரில் பாதிப் பேர் கூரையில் இருந்தோம், முதல் உழவைப் பார்க்க.

நக்போ அவனைக் கிட்ட வரவிட்டது. உப்பை நக்கியது. அவன் கயிற்றைக் கழுத்தில் போடக் கையைத் தூக்கியதும் தலையைச் சிலுப்பிக்கொண்டு ஓடியது.

நடக்கவில்லை, ஓடியது. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, பின்னங்கால்களை உதைத்துக்கொண்டு, சரிவில் குறுக்காகப் பாய்ந்தது. தோப்தன் கயிற்றை வீசினான். விழவில்லை. பின்னால் ஓடினான். அது நின்று, திரும்பிப் பார்த்து, அவன் நெருங்கும்வரை பொறுமையாகப் புல் மென்று, மறுபடி ஓடியது.

"ஏய் கறுப்பா! நில்லுடா! உன்னைத் தோள்ல தூக்கி நடத்தினேன்டா, பாவி!"

கூரைகளில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ஹீரு ராம் கையைத் தட்டினார். வயலில் மர்போ, காலி நுகத்தோடு, தலையைத் தூக்கிக் கத்தியது.

"டேய் தோப்தா!" ஆங்ருப் ஏரை விட்டுவிட்டு வரப்பில் ஏறி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான். "பின்னாலயே ஓடினா எப்படிடா பிடிப்ப? மேல போ! மேல போய் மடக்கு!"

"எந்தப் பக்கம்ணே?" தோப்தன் மூச்சிரைக்கக் கத்தினான்.

"இடது பக்கம்! இடது பக்கம்டா, உன் இடது! பாறைக்குப் பின்னால!"

தோப்தன் இடது பக்கம் ஏறினான். நக்போ வலது பக்கம் இறங்கியது. ஆங்ருப் தலையில் அடித்துக்கொண்டு, அங்கியை மடித்துக் கட்டி, பாலத்தை நோக்கி ஓடினான்.

"இவரும் கிளம்பிட்டாரு" என்றாள் சுக்தாசி. "இனி ரெண்டு பேரையும் பிடிக்க நாம போகணும்."

யங்சோம் என் கூரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைக்கவில்லை. சரிவின் உச்சியில் அந்தக் கறுப்பு மாடு வெயிலில் நின்று, கீழே இரண்டு பக்கமிருந்தும் ஏறி வரும் அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தது.

"விடுய்யா!" என்று கத்தினாள் அவள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. "இன்னிக்கு உழ வேண்டாம்! ஓடட்டும் விடு!"